கோரைக்கிழங்கும் சியாங்ஃபூவும்: ஒரு களைச்செடி இரு மருத்துவ மரபுகளில் பெறும் இடம்

ஆய்வுச்சுருக்கம்

காவிரிக்கரை வேளாண் நிலங்களில் களையாகக் கருதப்படும் கோரையின் கிழங்கு, தமிழ் மருத்துவத்தில் கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்னும் பெயர்களாலும், சீன மருத்துவத்தில் சியாங்ஃபூ என்னும் பெயராலும் வழங்குகிறது. இரு மரபுகளும் ஒரே தாவரத்தின் ஒரே உறுப்பைப் பயன்படுத்துகின்றன. எனினும், தமிழ் மரபில் அது சுரத்திற்கும் கழிச்சலுக்குமான சரக்காகவும், சீன மரபில் உயிராற்றல் தேக்கத்திற்கும் மகளிர் நோய்களுக்குமான சரக்காகவும் முதன்மை பெறுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், களைக்கொல்லி பயன்பாட்டில் உள்ள நிலங்களிலிருந்து இம்மருந்துச் சரக்கைத் திரட்டுவதால் எழும் சிக்கலையும் ஜீயபுரம் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோரைக்கிழங்கு, முத்தக்காசு, சியாங்ஃபூ, நிலவேம்புக் குடிநீர், சித்த மருத்துவம், சீன மருத்துவம், ஜீயபுரம்.

முன்னுரை

சீன மூலிகை என்றவுடன் ஜின்செங் போன்ற, நம் நிலத்தில் விளையாத செடிகளே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சீன மருத்துவர்கள் நாள்தோறும் எடுத்தாளும் சரக்குகளுள் ஒன்று, நம் வயல் வரப்புகளில் காலில் மிதிபடும் செடியிலிருந்து கிடைக்கிறது. அதுவே கோரை. அதன் தாவரவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ். 1753-இல் லின்னேயஸ் இப்பெயரை இட்டார்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர் ஜீயபுரம். பங்குனித் திருநாளில் திருவரங்கத்து நம்பெருமாள் எழுந்தருளும் ஊர் என்ற வகையில் இது பலராலும் அறியப்பட்டது. இதற்கு மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இப்பகுதி நிலங்களை வளப்படுத்துகிறது. நெல்லும் வாழையும் இங்கு முதன்மைப் பயிர்கள். நீர் வளமும் வண்டல் மண்ணும் பயிருக்கு உதவுவது போலவே கோரைக்கும் உதவுகின்றன.

இப்பகுதி வாழைத் தோட்டமொன்றில் களை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், கையிலிருந்த செடியைக் காட்டி அதன் மருத்துவப் பயனைக் கட்டுரையாளர் வினவியபோது, "கோரையா? அது களைங்க. மருந்துக் கடையில விக்கிறது வேற ஏதோ கெழங்கு" என்றார். அவர் நிலவேம்புக் கசாயம் பலமுறை குடித்தவர். நலங்கு மாவு அரைக்கக் கோரைக்கிழங்கு வாங்கியவர். நிலத்தில் பிடுங்கி எறியும் கோரையும் கடையில் விலை கொடுத்து வாங்கும் கிழங்கும் ஒன்றே என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது. பெயர் தெரிந்தும் பொருள் பிரிந்து நிற்கும் இந்நிலையே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது.

கோரை என்னும் பொதுப்பெயர்

தமிழில் கோரை என்பது ஒரு செடியைக் குறிக்கும் தனிப்பெயராக அமையவில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல செடிகளுக்கு அது பொதுப்பெயர். சங்க இலக்கியத்தில் சாய், பைஞ்சாய் என வழங்கும் செடியும் கோரை வகையினதே. அதனைக் கிழித்துச் சிறுமியர் பாவை செய்து விளையாடிய செய்தியை ஐங்குறுநூறும் குறுந்தொகையும் தருகின்றன. பாய் முடையப் பயன்படும் நெடிய கோரை வேறொன்று. கரூர், நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக்கரை ஊர்களிலும் முசிறிப் பகுதியிலும் அது பயிராகவே வளர்க்கப்படுகிறது. நெல் வயலில் நெற்பயிரோடு முளைத்து ஒரு பருவத்தில் மடியும் சிறு கோரைகளும் உள்ளன. இவற்றுக்கு மருந்துக்குரிய கிழங்கு இல்லை.

மருந்துக்குரிய கோரையைப் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. அதன் தண்டு முப்பட்டையானது; விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகளும் புலப்படும். பூங்கதிர்கள் செம்பழுப்பு நிறத்தன. மண்ணுக்கடியில் மெல்லிய கம்பி போன்ற தண்டால் இணைந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கிழங்குகள் தொடராக அமைந்திருக்கும். கிழங்கின் வெளித்தோல் கரும்பழுப்பாகவும் நார் மூடியும் இருக்கும். நசுக்கினால் காரமான நறுமணம் வீசும். சுவையில் கசப்பும் துவர்ப்பும் மேலோங்கும்.

இதனோடு எளிதில் மயங்கத்தக்கது சைப்பரஸ் எஸ்குலெண்டஸ் என்னும் மற்றொரு கோரை. அதன் கதிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். அதன் கிழங்குகள் தொடராக அமையாமல், ஒவ்வொரு வேர்த்தண்டின் நுனியிலும் ஒன்றாக உருவாகும். அது இனிப்பானது, உணவாகப் பயன்படுவது, மருந்துக் கோரையின் காரமணம் அதற்கு இல்லை. எனவே கதிரின் நிறம், கிழங்கின் அமைப்பு, மணம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

முத்தக்காசு என்னும் பெயரில் உள்ள முத்தம் என்பது முஸ்தா என்னும் வடமொழிப் பெயரோடு தொடர்புடையது. சீனப் பெயரான சியாங்ஃபூ என்பதில் சியாங் என்பது நறுமணத்தையும், ஃபூ என்பது ஒட்டியிருப்பதையும் குறிக்கும். வேரோடு ஒட்டித் தொடராக வளரும் மணமுள்ள கிழங்கு என்பது அதன் கருத்து. மேலே கூறிய அடையாளங்களுள் இரண்டைச் சீனப் பெயரே தாங்கி நிற்பது கருதத்தக்கது.

களை என்னும் நிலை

1977-இல் வெளிவந்த, உலகின் மிகக் கொடிய களைகளைப் பற்றிய ஹோம் குழுவினரின் நூல், கோரைக்கு முதலிடம் அளித்தது. 90-க்கும் மேற்பட்ட நாடுகளில், 52 பயிர்களில் இது களையாக இருப்பதை அந்நூல் பதிவு செய்தது.

இதன் வலிமை கிழங்குத் தொடரில் உள்ளது. தொடர் அறுபடாத வரை முன்னணியில் உள்ள கிழங்கு முளைக்க, ஏனையவை பெரும்பாலும் உறங்குநிலையில் இருக்கும். ஏர் உழும்போதோ மண்வெட்டி படும்போதோ தொடர் துண்டாகிறது. அப்போது உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனிச் செடிகளாக முளைக்கின்றன. கையால் பிடுங்கும்போது மேற்செடி மட்டும் கழன்று வர, கிழங்கு மண்ணில் தங்கிவிடுகிறது. எனவே அழிக்கும் முயற்சியே பெருக்கத்திற்கு வழியாகிவிடுகிறது. எனினும் கிழங்குக்கு ஒரு குறைபாடு உண்டு. கடும் வெயிலில் மண்ணுக்கு மேலே கிடந்து உலர்ந்தால் அது முளைக்கும் ஆற்றலை இழக்கும். கோடையுழவு இட்டுக் கிழங்குகளைக் காயவிடும் மரபான முறை இவ்வியல்பை அறிந்து அமைந்ததே ஆகும்.

தமிழ் மருத்துவத்தில் கோரைக்கிழங்கு

சித்த மருத்துவ நூல்கள் கோரைக்கிழங்குக்குத் துவர்ப்பி, வியர்வைபெருக்கி, சிறுநீர்பெருக்கி, ருதுவுண்டாக்கி முதலிய செய்கைகளைக் கூறுகின்றன. சுரம், நீர்வேட்கை, கழிச்சல், செரியாமை ஆகியவற்றில் இது பயன்படுகிறது. கிழங்கை இஞ்சியோடு அரைத்துத் தேனில் குழைத்துக் கழிச்சலுக்குக் கொடுப்பது வீட்டு மருத்துவமாகவே நிலைத்துள்ளது. பச்சைக் கிழங்கை அரைத்து மார்பில் பற்றிட்டால் தாய்ப்பால் பெருகும் என்னும் வழக்கும் உண்டு. குழந்தைகளைக் குளிப்பாட்டும் நலங்கு மாவில் மணத்திற்காகவும் தோல் நலத்திற்காகவும் இது சேர்க்கப்படுகிறது.

தமிழகத்தில் இக்கிழங்கு மிகப் பலரைச் சென்றடைந்தது நிலவேம்புக் குடிநீர் வழியாகவே எனலாம். 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழக அரசு இக்குடிநீரைப் பரவலாக வழங்கியது. அதன் சரக்குகள் ஒன்பது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். இவை சம அளவில் சேர்க்கப்படுவதால் குடிநீர்ப் பொடியில் ஒன்பதில் ஒரு பங்கு கோரைக்கிழங்காகும். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளுள்ளும் கோரைக்கிழங்கு இடம்பெறுகிறது. பெயர் அறியாமலேயே இக்கிழங்கை உட்கொண்டவர் தமிழகத்தில் மிகப் பலர்.

ஆயுர்வேதத்தில் சுர நோயாளியின் நீர்வேட்கையைத் தணிக்கச் சரக சம்ஹிதை கூறும் ஷடங்க பானீயம் என்னும் அறுசரக்கு நீரிலும் முஸ்தா உண்டு. கோரைக்கிழங்கு, பற்படாகம், வெட்டிவேர், சந்தனம், சுக்கு ஆகிய ஐந்தும் பெயரளவில் அந்நீருக்கும் நிலவேம்புக் குடிநீருக்கும் பொதுவானவை. இந்திய மருத்துவ மரபுகளில் கோரைக்கிழங்கு சுரத்தைத் தணிக்கும் குளிர்ச்சிச் சரக்குகளின் கூட்டத்தில் வைத்து எண்ணப்பட்டது என்பதற்கு இவ்விரு கூட்டுகளும் சான்றாகின்றன.

சீன மருத்துவத்தில் சியாங்ஃபூ

சீனத்தில் இக்கிழங்கின் மருத்துவப் பயன், தாவோ ஹொங்ஜிங் (456–536) தொகுத்ததாகக் கருதப்படும் மிங்யீ பியேலூ என்னும் மருந்துநூலில் இடம்பெறுகிறது. அதன் பயன்பாடு பிற்காலத்தில் மிக விரிவடைந்தது. மிங் அரசர் காலத்து மருத்துவர் லி ஷிசென் (1518–1593) எழுதி, 1596-இல் அச்சான பென்ட்சாவ் கங்மு என்னும் பெருநூல், உயிராற்றல் தேக்கத்தால் விளையும் நோய்களிலும் மகளிர் நோய்களிலும் சியாங்ஃபூவுக்குத் தலைமையிடம் அளிக்கிறது.

சீன மருத்துவக் கொள்கையில் ச்சி என்பது உடலில் இடையறாது இயங்கும் உயிராற்றல். சித்த மருத்துவத்தின் வளிக்கு இஃது ஓரளவு நெருக்கமானது, முற்றும் ஒத்ததன்று. மனக்கவலை, அடக்கிவைத்த சினம் முதலியவற்றால் கல்லீரலைச் சார்ந்த ச்சியின் ஓட்டம் தேங்கும் என்றும், அதனால் விலாப்புறத்தில் இறுக்கம், மார்பு விம்மல், செரியாமை, மாதவிடாய் ஒழுங்கின்மை, மாதவிடாய் வலி ஆகியவை தோன்றும் என்றும் அம்மரபு கருதுகிறது. கல்லீரல் என்பது இங்கு உடற்கூற்றியல் கூறும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. பல செயல்களின் தொகுதியைக் குறிப்பது. சியாங்ஃபூ இத்தேக்கத்தை நெகிழ்த்தும் சரக்காகக் கொள்ளப்படுகிறது. அதன் சுவை கார்ப்பும் சிறிது கசப்பும் சிறிது இனிப்பும் கலந்தது என்றும், தன்மை வெப்பமும் தட்பமும் மிகாத சமநிலை என்றும் அந்நூல்கள் கூறும்.

ஜூ டான்ஸி (1281–1358) என்னும் மருத்துவர் வகுத்த யூஜூ மாத்திரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ச்சி, குருதி, கபம், அழல், ஈரம், உணவு ஆகிய ஆறின் தேக்கத்தைப் போக்குவதற்காக ஐந்து சரக்குகளால் அமைந்தது அது. ச்சியின் தேக்கத்திற்குரிய சரக்காக அதில் சியாங்ஃபூ நிற்கிறது.

பக்குவ முறையிலும் சீன மரபுக்குத் தனித்தன்மை உண்டு. கிழங்கைச் சுற்றியுள்ள நாரைத் தீயில் பொசுக்கி நீக்கி, வேகவைத்தோ நேரடியாகவோ உலர்த்துவர். பின்னர்க் காடியில் ஊறவைத்து வறுப்பதும் உண்டு. புளிப்புச்சுவை கல்லீரலைச் சாரும் என்பது அவர்தம் கொள்கையாதலின், காடி சேர்ந்த சரக்கு வலியைத் தணிப்பதில் மிகுதியும் பயன்படும் என்பர். தமிழ் மரபிலும் நாரும் மேல்தோலும் நீக்கி உலர்த்துவதே தூய்மை முறையாக உள்ளது. காடியில் வறுக்கும் முறை இங்கு வழக்கில் இல்லை.

ஒப்புமையும் வேறுபாடும்

இரு மரபுகளின் பயன்பாட்டுப் பட்டியல்களை அருகருகே வைத்து நோக்கினால் முரண்பாடு குறைவாகவே உள்ளது. செரியாமையும் வயிற்று உப்புசமும் இரண்டிலும் உண்டு. சீன மரபு முதன்மைப்படுத்தும் மாதவிடாய்ச் சிக்கலைத் தமிழ் மரபு ருதுவுண்டாக்கி என்னும் செய்கையால் தொட்டுச் செல்கிறது. இரு மரபுகளும் கிழங்கின் மணத்தை மருத்துவப் பண்பாகவே கொள்கின்றன. வேறுபாடு எதை முதலில் நிறுத்துவது என்பதில்தான் அமைகிறது.

இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கூட்டுச் சரக்குகளில் காணலாம். தமிழ் மரபில் கோரைக்கிழங்கு நிலவேம்பு, வெட்டிவேர், சந்தனம் ஆகியவற்றோடு சேர்கிறது. கசப்பும் குளிர்ச்சியும் மிகுந்த இக்கூட்டத்தில், சுரத்தால் கெட்ட செரிமானத்தைச் சீர்செய்து வேட்கை தணிப்பது அதன் பணி. சீன மரபில் அது குருதி ஓட்டத்தைத் தூண்டும் வேர்களோடும் செரிமானத்திற்கு உதவும் புளித்த மாவோடும் சேர்கிறது. அங்குத் தேங்கியதை நகர்த்துவது அதன் பணி. ஆதலால் ஒரு மூலிகையின் பயன் அம்மூலிகைக்குள் மட்டும் அடங்கியதன்று. கூட்டும் பக்குவமும் நோயைப் பற்றிய கொள்கையும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன.

இக்கருத்துக்கு நடைமுறைப் பயன் உண்டு. சீனர் மாதவிடாய் வலிக்குப் பயன்படுத்துகின்றனர் எனப் படித்தவர், கடையில் வாங்கிய கோரைக்கிழங்குப் பொடியை அதே பயன் கருதித் தனியே உட்கொண்டால், சீன மருத்துவத்தின்படியும் சித்த மருத்துவத்தின்படியும் அது முறையான மருத்துவம் ஆகாது. ருதுவுண்டாக்கி எனக் கூறப்படும் சரக்காதலின் கருவுற்றோர் மருத்துவர் அறிவுரையின்றி இதனை உட்கொள்ளுதல் கூடாது.

வேதியியலும் இன்றைய ஆய்வுகளும்

கிழங்கின் மணத்திற்கு அதன் ஆவியாகும் எண்ணெயே காரணம். சைப்பரீன், ஆல்ஃபா சைப்பரோன், சைப்பரோட்டண்டோன் முதலிய செஸ்குவிட்டெர்பீன் வகைச் சேர்மங்கள் அதில் உள்ளன. இவ்வகையைச் சேர்ந்த ரொட்டண்டோன் என்னும் சேர்மம் இக்கிழங்கிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. மிளகின் மணத்திற்கும் சிலவகைத் திராட்சை மதுவில் உணரப்படும் மிளகு மணத்திற்கும் காரணம் இச்சேர்மமே என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தனர்.

இக்கிழங்கு மனிதர் வாயில் இடம்பெற்ற வரலாறு மருத்துவ நூல்களுக்கு முந்தியது. மத்திய சூடானில் அல் கிடே என்னும் இடத்துப் பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்த பற்களின் காரையில் கோரைக்கிழங்கின் எச்சங்கள் காணப்பட்டன. வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே அங்கு வாழ்ந்தோர் இதனை உண்டனர் என்பதை 2014-இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. பிற்கால மக்களிடையேயும் பற்சிதைவு குறைவாக இருந்ததற்கு, பற்சிதைவை உண்டாக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கும் இக்கிழங்கின் பண்பு ஒரு காரணமாகலாம் என அவ்வாய்வாளர்கள் கருதினர்.

இன்றைய ஆய்வகச் சோதனைகள் இக்கிழங்கின் சாறுகளில் அழற்சி, கழிச்சல், நுண்ணுயிர்ப் பெருக்கம் ஆகியவற்றைத் தடுக்கும் பண்புகளைக் காட்டியுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை விலங்குகளிலும் ஆய்வகச் செல்களிலும் நிகழ்ந்தவை. அவற்றின் முடிவுகளை அப்படியே மனிதருக்குரிய மருத்துவ முடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. நிலவேம்புக் குடிநீருக்கும் இது பொருந்தும். டெங்குக் காய்ச்சலில் குருதித் தட்டணுக்கள் குறைவதையும் நீரிழப்பையும் மருத்துவமனையில் கண்காணிப்பது இன்றியமையாதது. குடிநீர் அதற்கு மாற்றாகாது.

தோண்டும் இடமும் மருந்தின் தூய்மையும்

ஜீயபுரம் போன்ற ஊர்களில் கோரையின் மருத்துவப் பயனைப் பேசும்போது தவிர்க்க இயலாத வினா ஒன்று உண்டு: கிழங்கு எந்த நிலத்திலிருந்து எடுக்கப்படுகிறது?

இலையை மட்டும் கருக்கும் களைக்கொல்லிகளால் கோரை அழிவதில்லை. கிழங்கிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. எனவே இலையில் தெளித்தால் உள்ளே ஊடுருவிக் கிழங்கு வரை செல்லும் கிளைபோசேட் போன்றவற்றையே உழவர் நாடுகின்றனர். அவை கிழங்கைச் சென்றடைவதாலேயே பயன் தருகின்றன. மருந்துக்கு நாம் எடுக்கும் உறுப்பும் அதே கிழங்குதான். களைக்கொல்லி தெளித்த தோட்டத்தில் இறவாது எஞ்சிய கிழங்குகளைத் தோண்டி உலர்த்தி விற்றால், அவற்றின் நிறத்திலோ மணத்திலோ வேறுபாடு தெரியாது. கழிவுநீர் கலக்கும் வாய்க்கால் ஓரங்களில் எடுக்கும் கிழங்குக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

களை எடுக்கும் கூலியும் ஆள் கிடைக்காமையும் உழவரைக் களைக்கொல்லியை நோக்கித் தள்ளுகின்றன என்பதையும் கருதவேண்டும். மேலே குறிப்பிட்ட மூதாட்டி போன்றோர் கையால் எடுத்து வரப்பில் குவிக்கும் கோரை, களைக்கொல்லி படாத நிலத்ததாயின், தக்க அடையாளம் கண்டு உலர்த்தப்படும்போது மருந்துச் சரக்காகும் தகுதி பெறுகிறது. பயிர்க்காலத்தில் களைக்கொல்லி தவிர்த்த நிலம் எது என்பதைப் பதிவு செய்து, கோடையுழவில் வெளிப்படும் கிழங்குகளைத் திரட்டினால், களை நீக்கமும் சரக்குத் திரட்டலும் ஒரே வேலையாக அமையும். நார் நீக்கி உலர்த்துவதற்கு வெயிலும் களமும் ஊரிலேயே உள்ளன. இதனை உழவர் குழுக்களும் வேளாண், சித்த மருத்துவக் கல்வி நிறுவனங்களும் இணைந்து சோதித்துப் பார்க்கலாம். எச்சப் பகுப்பாய்வு செய்து தூய்மை உறுதிப்பட்ட பின்னரே அக்கிழங்கு மருந்துக்குச் செல்ல வேண்டும்.

முடிவுரை

கோரைக்கிழங்கும் சியாங்ஃபூவும் ஒரே கிழங்கு. தமிழ் மரபு அதனைச் சுரத்திற்கும் கழிச்சலுக்கும் உரிய கூட்டுகளில் வைத்தது. சீன மரபு உயிராற்றல் தேக்கத்திற்கும் மகளிர் நோய்க்கும் உரிய கூட்டுகளில் வைத்தது. இவ்வேறுபாடு கூட்டு, பக்குவம், நோய்க்கொள்கை ஆகியவற்றால் விளைந்தது. எனவே ஒரு மரபின் பயன்பாட்டை மற்றொன்றுக்கு மாற்றும்போது இம்மூன்றையும் கருதுதல் வேண்டும். கோரை என்னும் பொதுப்பெயர் பல செடிகளைக் குறிப்பதால் கதிரின் நிறம், கிழங்குத் தொடர், மணம் ஆகியவற்றால் அடையாளம் உறுதி செய்தல் முதற்படியாகும். அவ்வாறு உறுதி செய்த கிழங்கும், அது விளைந்த நிலத்தின் தூய்மை அறியப்படாத வரை மருந்தாகாது. ஜீயபுரம் வாழைத் தோட்டத்தில் களை எடுப்பவரும், நாட்டு மருந்துக் கடைக்காரரும், மருத்துவரும் ஒரே செடியைப் பற்றியே பேசுகின்றனர் என்பதை அம்மூவரும் அறிந்திருப்பது அத்தூய்மையை உறுதி செய்வதற்கான தொடக்கமாக அமையும்.